தம்பியை ஏர்வாடியில் கொண்டுபோய் விடலாமா?

கேள்வி:

அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். நாங்கள் மதுரைதான். நான் தனியார் பள்ளியில் டீச்சர். என் தம்பிக்கு 24 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு சவுதிக்குப் போனான். ஏஜென்ட் சொன்ன வேலை வேறு, அங்கே கொடுத்த வேலை வேறு. எட்டு மாதத்தில் கடனோடு திரும்பி வந்துவிட்டான். அதிலிருந்து தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை. ஒரு வருடமாக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். போன மாதம் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பை கிடந்தது. சிரிஞ்சு, சின்ன தண்ணீர்க் குப்பி, பஞ்சு, காலி மாத்திரை அட்டை. அட்டையில் டபென்டடால் என்று போட்டிருந்தது.

அம்மா இது ஜின் வேலை என்கிறார். தாயத்து கட்டியாகிவிட்டது, தண்ணீர் ஓதிக் கொடுத்தாகிவிட்டது. அத்தா அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்கிறார். மாமு ஒருவர், வேனில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போகும் ஒரு சென்டர் இருக்கிறது, மூன்று மாதம் உள்ளே போட்டால் திருந்திவிடுவான் என்கிறார். நோன்பு வருகிறது, முப்பது நோன்பையும் பிடித்தால் தானாக விட்டுவிடுவான் என்பது நன்னி (பாட்டி). அரசு பெரியாஸ்பத்திரிக்குப் போனால் போதைக்குப் பதில் இன்னொரு போதை மாத்திரை தருவார்கள், அது ஹராம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

தங்கைக்கு சம்பந்தம் பேசி முடித்திருக்கிறோம். வெளியே தெரிந்தால் நின்றுபோகும். இரண்டு நாளுக்கு முன் "பள்ளிவாசலுக்காவது போயிட்டு வாடா" என்றேன். "நான் தொழுதாலும் ஏத்துக்கப்படாதுக்கா. நான் செத்தா உங்க எல்லாருக்கும் நிம்மதி" என்றான். என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்:

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். சம்பந்தம், ஏர்வாடி, நோன்பு எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். "நான் செத்தா நிம்மதி" என்ற சொல் பொறுக்காது.

இன்று இரவே அவனோடு தனியாக உட்காருங்கள். நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிரலாம்னு நினைப்பு வருதாடா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி நடப்பதில்லை. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பாதிப் பாரம் இறங்குவதுதான் நடக்கும். நம் வீடுகளில் இதற்கு இன்னொரு தடையும் இருக்கிறது. தற்கொலை ஹராம் என்று சிறு வயதிலேயே ஊறிப்போனதால், பிள்ளை வாயைத் திறந்ததும் "அஸ்தஃபிருல்லாஹ், இப்படியெல்லாம் பேசலாமா" என்று அடக்கிவிடுகிறோம். அவனும் அடங்கிவிடுகிறான். நினைப்பு மட்டும் அடங்குவதில்லை. எனவே அந்த இடத்தில் மார்க்கத் தீர்ப்பு எதுவும் சொல்லாமல், அவன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.

வழி யோசித்து வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அவனைத் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கிளம்புவதற்கே தைரியம் வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணுக்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்த பிறகு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது.

இன்னொன்றையும் வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். டபென்டடால் அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. அளவு மீறினால் மூச்சை மெல்ல மெல்ல நிறுத்தும். கூடவே தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. வலிப்பும் வரலாம். அவன் தட்டி எழுப்பினாலும் எழவில்லை, குறட்டை மாதிரி ஒரு கரகர சத்தம், உதடு நீலம், கண்ணின் கருமணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் அது தூக்கம் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு நின்றுவிட்டால் போனில் இருப்பவர் சொல்கிறபடி செய்யுங்கள். வந்தவர்களிடம் என்ன மருந்து என்று மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்சோன் என்ற ஊசி அதற்கான மாற்று மருந்து. நேரத்தோடு போட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் "ஃபுட் பாய்சன்" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றப் பார்க்கும் குடும்பம்தான் பிள்ளையைப் பறிகொடுக்கிறது.

அடுத்து, தொழுதாலும் ஏற்கப்படாது என்று அவன் சொன்னது. இதே சொல்லை என் அறையில் உட்கார்ந்து பல முஸ்லிம் இளைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், குடிப்பவர்களும் கஞ்சாக்காரர்களும் உட்பட. மது அருந்தியவரின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்ற ஹதீஸை எங்கோ பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) பாதியாகக் கேட்டிருப்பார்கள். நாற்பது நாள் கணக்கு முடிவதற்குள் மறுபடி ஒரு தடவை; மறுபடி நாற்பது. இந்தக் கணக்கில் ஒருவன் பள்ளிவாசல் படியே ஏறாமல் போய்விடுகிறான். அப்புறம் அவனுக்கென்று மிஞ்சுவது மாத்திரை கொடுக்கும் கூட்டாளிகள் மட்டும்தான்.

நான் மனநல மருத்துவர், ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. மார்க்கத் தீர்ப்பு என் வேலை இல்லை. ஆனால் அந்த ஹதீஸின் மீதிப் பாதியை நம் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்மார்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்: அவர் தவ்பா செய்தால், அதாவது வருந்தித் திரும்பினால், அல்லாஹ் ஏற்றுக்கொள்கிறான் என்று அதே ஹதீஸ் சொல்கிறது. தொழும் கடமை அந்த நாற்பது நாளும் அவரை விட்டு நீங்குவதில்லை, தொழாமல் இருக்க அது அனுமதியும் இல்லை என்பது ஆலிம்களின் விளக்கம். புகாரியில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் ஒரு தோழர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர், மறுபடியும் அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்படுகிறார். எத்தனை தடவைதான் இந்த ஆளைக் கொண்டுவருவது என்று கூட்டத்தில் ஒருவர் சபிக்கிறார். சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்று நபியவர்கள் தடுக்கிறார்கள். தண்டனை தண்டனையாக இருந்தது; ஆனால் திரும்பத் திரும்பத் தவறிய மனிதரை ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) வெளியே தள்ள அவர்கள் விடவில்லை. என்னிடம் வரும் குடும்பங்களுக்கு நான் கொடுக்கும் மருந்துச் சீட்டைவிட இந்தச் சம்பவம் சில நேரம் அதிகம் உதவியிருக்கிறது. ஏனென்றால் போதைப் பழக்கத்தில் விட்டுவிட்டு மறுபடி விழுவது விதிவிலக்கு இல்லை, அதுதான் நோயின் இயல்பு.

இதை நீங்கள் சொன்னால் அக்காவின் ஆறுதலாகப் போய்விடும். அவன் மதிக்கும் ஒரு ஹஜ்ரத் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அவனுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் இருந்தால் அவரே சிறந்தவர். ஆனால் எல்லா ஹஜ்ரத்திடமும் போகாதீர்கள். மேடையில் போதைக்கு எதிராக உரக்கப் பேசுகிறவரைவிட, ஒருவன் ரகசியத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

அம்மாவிடம் ஜின் இருக்கிறதா இல்லையா என்று வாதம் செய்யாதீர்கள். அந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் தம்பிக்கு ஒரு லாபமும் இல்லை. பிள்ளை இப்படி ஆகிவிட்டானே என்ற குற்ற உணர்ச்சியைத் தாங்க அவருக்குக் கிடைத்த ஒரே பிடிமானம் அந்த விளக்கம். "நீங்க ஓதுறத நிறுத்தாதீங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். நோயை இறக்கினவன் மருந்தையும் இறக்கியிருக்கான்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஓதிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பிள்ளையின் தலையில் கை வைத்து ஒரு தாய் ஓதுவது அவனை அமைதிப்படுத்துகிறது; அதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் ஓதுகிறேன் என்று வருபவர் அடிக்கவோ, புகை போட்டு மூச்சைத் திணறடிக்கவோ, கட்டிப்போடவோ, மருந்தை நிறுத்தச் சொல்லவோ, ஆயிரக்கணக்கில் பணம் கேட்கவோ ஆரம்பித்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். அம்மா கோரிப்பாளையம் தர்காவுக்கு வழக்கமாகப் போகிறவர் என்றால், அங்கிருந்து பெரியாஸ்பத்திரி நடக்கும் தூரம்தான். முதல் நாள் அவரையும் கூட்டிக்கொண்டு துஆ செய்துவிட்டு அப்படியே போங்கள். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதாக அவருக்குத் தோன்றக் கூடாது.

அத்தா சொல்லும் ஏர்வாடிக்கு வருகிறேன். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பல மதத்தவரும் இருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல, உங்கள் அத்தாவைப் போல வேறு வழி தெரியாமல் களைத்துப்போனவர்கள். அதற்குப் பிறகு அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. இன்று தர்காவிலேயே துஆவோடு மருத்துவமும் சேர்ந்து கிடைக்க அரசு மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. தவா–துஆ என்று அதற்குப் பெயர். எனவே குடும்பத்தோடு ஜியாரத்துக்குப் போய் வாருங்கள், தடையில்லை. ஆனால் ஊசிப் பழக்கம் உள்ள பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வருவது சிகிச்சை ஆகாது. மாத்திரை நின்ற எட்டு, பத்து மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, கால் இழுப்பு என்று ஆரம்பிக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்தில் பெருமளவு தணியும். அந்த ஒரு வாரத்தில் அவனுக்கு வேண்டியது மருந்தும் தண்ணீரும் பக்கத்தில் ஓர் ஆளும்.

மாமு சொல்லும் வேன் சென்டருக்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வீட்டு வாசலில் நாலு பேர் வந்து ஒருவனை அமுக்கித் தூக்கிப் போவது சட்டப்படி குற்றம். போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் அடக்கம். சங்கிலியில் கட்டுவதை அந்தச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. சிகிச்சை நிலையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எந்த மையத்தைப் பற்றி யார் சொன்னாலும் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள், குடும்பத்தார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். பார்க்கவே விடமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அத்தோடு, ஜும்ஆவுக்கு அனுப்புவார்களா, தொழ இடம் உண்டா, உணவு ஹலாலா, காலைப் பிரார்த்தனை எப்படி நடக்கிறது என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மையங்கள் இதற்கெல்லாம் இடம் கொடுக்கின்றன. கேட்கத் தயங்கிச் சேர்த்துவிட்டு, "அங்க என்னைய சாமி கும்பிடச் சொல்றாய்ங்க" என்று பிள்ளை ஐந்தாம் நாள் ஓடிவந்த கதைகள் என்னிடம் உண்டு.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இதை அத்தாவும் மாமுவும் நன்னியும் சேர்ந்து கேட்க வேண்டும். அபின் வகைப் போதையில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய அளவுக்குப் பழகிக்கொள்ளும். சில வாரம் விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் இறங்கிவிடும். ஆனால் ஆசையும் பழைய அளவின் நினைவும் அப்படியே இருக்கும். மூன்று மாதம் அடைத்துவைத்து வெளியே விட்ட முதல் வாரம், பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் உயிர் போகும். நோன்புக்கும் இது பொருந்தும். வைராக்கியத்தில் ஒரு மாதம் தாக்குப்பிடித்தவன் பெருநாள் அன்று கூட்டாளிகளோடு வெளியே போய் "ஒரே ஒரு தடவை" என்று பழைய அளவைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விட்டுவிட்டான் என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரம்தான் அவனுக்கு மிக ஆபத்தான நேரம். அடைத்துவைப்பதை நான் இவ்வளவு எதிர்ப்பது இதனால்தான்.

நன்னியின் ஆசையை முற்றிலும் தள்ள வேண்டாம். நோன்பு மாதத்தில் நம் தெருக்களே மாறிவிடுகின்றன. அஸருக்குப் பிறகு கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு போகும் பிள்ளைகள், தராவீஹ் முடிந்து வீடு திரும்பும் கூட்டம், சஹருக்கு எழுப்பும் குரல். தனிமையில் கிடக்கும் ஒருவனை மனிதர்களோடு சேர்க்க இதைவிட நல்ல மாதம் இல்லை. ஆனால் சிகிச்சையை நோன்புக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். முதல் வார உடல் தொந்தரவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கும்போது நோன்பு வேண்டாம். நோயாளிக்குச் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது (2:184), விட்டதைப் பிறகு நிறைவேற்றலாம். உடம்பு தேறிய பின் நோன்பு பிடிக்க ஆசைப்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல மருந்துகளின் நேரத்தை நோன்பு திறந்த பிறகுக்கும் சஹருக்கும் மாற்றிக்கொள்ள முடியும். சொல்லாமல் நீங்களாகப் பாதியை நிறுத்துவதுதான் கெடுதல். லித்தியம் போன்ற சில மனநல மருந்துகள் தண்ணீர் குறைந்தால் உடம்பில் ஏறிவிடும். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

இனி பக்கத்து வீட்டார் சொன்ன "போதைக்குப் பதில் போதை". அவர்கள் சொல்வது புப்ரினார்பின் என்ற மருந்தைப் பற்றி. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. அது அபின் வகையின் உறவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது மூளையில் டபென்டடால் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஏக்கத்தையும் உடல் தொந்தரவையும் அடக்கும். ஒரு எல்லைக்கு மேல் அதன் வேலை ஏறாது. சரியான அளவில் எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. தூங்கி எழுந்து, குளித்து, வேலைக்குப் போய், கடனை அடைக்க ஆரம்பிப்பார். ஊசி நின்றுவிடும். இந்தச் சிகிச்சையில் தொடர்ந்து இருப்பவர்களிடையே சாவு பாதியாகவாவது குறைகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஈரானில் இந்த வகை மாற்று மருந்துகள் நாடு முழுவதும் கொடுக்கப்படுகின்றன. கோலாலம்பூரில் அர்-ரஹ்மான் பள்ளிவாசலில், இதே வகையைச் சேர்ந்த மெத்தடோனை அங்கேயே கொடுத்து, ஓதலும் ஆலோசனையும் சேர்த்து ஒரு சிகிச்சைத் திட்டம் நடத்தினார்கள். முஸ்லிம் ஆலிம்கள் யோசிக்காத விஷயம் இல்லை இது.

ஹஜ்ரத்திடம் ஃபத்வா கேட்பதானால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "போதைக்குப் பதிலா இன்னொரு போதை சாப்பிடலாமா?" என்று கேட்டால் எந்த ஹஜ்ரத்தும் கூடாது என்றுதான் சொல்வார். "என் தம்பி ஊசியில் விஷம் ஏற்றிக்கொண்டு சாகக் கிடக்கிறான். மருத்துவர் கண்காணிப்பில் ஒரு மருந்து இருக்கிறது. அதை எடுத்தால் மயக்கம் வராது, ஊசி நிற்கும், உயிர் தங்கும். எடுக்கலாமா?" என்று கேளுங்கள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் நேராகப் பேச வையுங்கள். நான் பல ஹஜ்ரத்மார்களிடம் போனில் பேசியிருக்கிறேன், புரியும்படி சொன்னால் மறுத்தவர் குறைவு. ஜெலட்டின் கேப்சூல், ஆல்கஹால் கலந்த டானிக் பற்றித் தம்பிக்கு உறுத்தல் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அதே மருந்து மாத்திரையாகவே கிடைக்கும். சொல்லாமல் வாங்கிவந்து ஜன்னல் வழியே எறிகிறவர்கள் நிறைய.

ஒரு எச்சரிக்கை. இந்த மருந்தைக் கூட்டாளி யாரிடமாவது வாங்கி வீட்டில் ஆரம்பிக்க வேண்டாம். டபென்டடால் உடம்பில் இருக்கும்போதே இதைப் போட்டால் தொந்தரவு திடீரென்று பல மடங்காகும். "இந்த மருந்து எனக்கு ஆகாது" என்று ஓடிவிடுவான். கடைசி ஊசிக்குப் பிறகு அரை நாள் போல விட்டு, அறிகுறிகள் தொடங்கிய பின் மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது.

எல்லோரும் மாத்திரையைப் பற்றியே பேசுகிறோம். சவுதியிலிருந்து திரும்பியதில் இருந்து தூக்கமில்லை, பேச்சில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்றுதான் தோன்றியது. ஊசி அதற்குப் பிறகு வந்தது. அங்கே என்ன நடந்தது என்று யாராவது அவனிடம் கேட்டீர்களா? அறையில் எத்தனை பேர், பாஸ்போர்ட் யார் கையில், சம்பளம் எத்தனை மாதம் வரவில்லை, யாராவது அடித்தார்களா? திரும்பி வந்தவனை "எவ்வளவு போச்சு" என்று கேட்ட வீடுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வலி மாத்திரை மனவலியையும் மரத்துப்போக வைக்கும்; அதனால்தான் பிடித்துக்கொள்கிறது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கி என்ற முஸ்லிம் அறிஞர், உடம்பு நோய்ப்படுவது போல மனமும் நோய்ப்படும் என்றும், காரணம் தெரிந்த துக்கம், காரணம் தெரியாத துக்கம் என்று இரண்டு உண்டு என்றும் பிரித்து எழுதினார். ஈமான் குறைந்தவனுக்குத்தான் மனநோய் வரும் என்று உங்கள் அத்தா நினைத்தால் இதைச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் சேர்த்து மருத்துவம் பார்த்தால்தான் போதை சிகிச்சை நிலைக்கும்.

அத்தா பேசாமல் இருப்பதைக் கோபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், கடை வீதியில் நாலு பேர் முன் நிற்க வேண்டியவர் அவர். கையில் பணம் கொடுக்க வேண்டாம், அதில் அவர் பிடிவாதமாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு மட்டும் "வாடா, உக்காரு" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரட்டும். இதை அவரிடம் கேட்க உங்களுக்குத்தான் முடியும்.

தங்கையின் சம்பந்தம் பற்றி என் கருத்து: ஜமாஅத்துக்கோ சொந்தக்காரர்களுக்கோ இப்போது அறிவிக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. எங்கள் வழியாகப் பள்ளிவாசலுக்கோ போலீசுக்கோ போகாது. ஆனால் ரகசியம் காப்பது வேறு, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது வேறு. "நிக்காஹ் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஆறு மாதம் காத்திருக்கும் யோசனைக்கு மட்டும் தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள். தெரிந்திருக்க வேண்டியவர்கள் மூன்று நான்கு பேர் போதும்: நீங்கள், அத்தா, அம்மா, ஹஜ்ரத். மாப்பிள்ளை வீட்டார் நேராகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். "உடம்பு சரியில்லாம இருந்தான், வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கோம்" என்பது உண்மைதான். இதற்காகப் பெண்ணை வேண்டாம் என்பவர்கள் நாளைக்கு அவளுக்கே ஒரு நோய் வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் அத்தா யோசிக்கட்டும். போதைப் பழக்கம் உள்ள வீட்டு நிக்காஹுக்கு ஜமாஅத் ஒத்துழைக்காது என்று அறிவித்தால் பயந்து திருந்துவார்களே என்று என்னிடம் கேட்ட பெரியவர்கள் உண்டு. திருந்த மாட்டார்கள், இன்னும் ஆழமாக ஒளிவார்கள் என்றுதான் அவர்களுக்கும் சொன்னேன்.

போகும் நாள்: பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவின் காலை ஓபிக்குப் போங்கள். அவனுடைய ஆதார், காலி மாத்திரை அட்டைகள், முன்பு ஏதாவது மருந்து சாப்பிட்டிருந்தால் அந்தச் சீட்டு, எல்லாம் கையில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, கடைசியாக எப்போது, தூக்க மாத்திரை சேர்க்கிறானா என்பதை அவனையே சொல்ல விடுங்கள். கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே இருங்கள், அக்கா முன் சொல்லாததை மருத்துவரிடம் சொல்வான். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கான மாற்று மருந்து, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்களில் இலவசம். அது எங்கே என்று அங்கேயே கேளுங்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி வந்திருந்தாலும் பயப்பட வேண்டாம்; பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது, அரசுத் திட்டத்தில் அதுவும் இலவசம். சிகிச்சைக்குச் சம்மதிக்கும் வரை ஊசியை யாரோடும் பகிர்ந்துகொள்ளாதே என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். சொல்லுங்கள். பழக்கத்துக்கு அனுமதி கொடுத்ததாக அவன் எடுத்துக்கொள்ள மாட்டான், அக்காவுக்கு நான் உயிரோடு வேண்டும் என்று எடுத்துக்கொள்வான்.

முதல் நாள் வர மறுத்தால் சண்டை வேண்டாம். "போதைக்காக வேண்டாம்டா, தூக்கம் வரலைன்னு காட்டிட்டு வருவோம்" என்று கேட்டுப் பாருங்கள்; அதில் பொய் இல்லை, தூக்கத்துக்கும் அதே மருத்துவர்தான். அதற்கும் வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் வாருங்கள், அல்லது போதை மீட்புக்கான 14446-இல் பேசுங்கள். வீட்டில் எப்படிப் பேசுவது, எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தே பல பிள்ளைகளை மூன்றாம் நான்காம் வாரத்தில் வர வைத்திருக்கிறோம். வரும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.